ஒன்பது மில்லிமீட்டர் இருக்கோ, தம்பி?

துவக்குக் கடையில் வேலை என்றால், காலை பத்து மணி தொடக்கம் மாலை ஏழு மணிவரை 'ஏலாது' என்று சொல்லிச் சம்பளம் வாங்குவது. மரக்கறிக் கடையிலும் புடவைக் கடையிலும் போன் கடையிலும் நிற்கிற உங்களிடம், கடையில் இல்லாத சாமானைத்தான் ஆட்கள் கேட்டு உயிரை வாங்குவார்கள். என்னிடம் கேட்கிற சாமான் கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருக்கும். ஆனாலும் கொடுக்க முடியாது. எது கூடின துன்பம் என்று நீங்களே சொல்லுங்கள்.

கடை, எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் இருந்து பத்து நிமிட நடை. பத்ரோன், அதாவது முதலாளி, பிரெஞ்சுக்காரர். வேட்டைக்காரர்களும் சுடுகிற கிளப்புக்காரர்களும்தான் வழமையான வாடிக்கை. நான் எட்டு வருடத்துக்கு முன் பெட்டி இறக்கும் வேலைக்குப் போய், பிறகு மேசைக்கு வந்தவன். 'அங்கை ஒரு தமிழ் ஆள் நிக்கிறார்' என்ற கதை ரூ காய் தெருவுக்குப் போய்ச் சேர்ந்ததும் எங்கள் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: தற்பாதுகாப்புக்கு எந்தக் காலிபர் நல்லது? காலிபர் என்றால் ரவையின் பருமன். அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்லும்போது எல்லோருக்கும் குரல் தணிந்துவிடும்.

கள்ளனுக்கும் அங்கத்துவம்

முதலில் வந்தவர் சிவநேசன் அண்ணை. மனைவியோடு சேர்ந்து நகைக்கடை நடத்துகிறார், வயது அறுபதுக்குக் கிட்ட. கடையில் அந்த நேரம் தமிழ் தெரிந்த வேறு ஒருவரும் இல்லை. என்றாலும் காதுக்குள் வந்து கேட்டார்: "தம்பி, ஒன்பது மில்லிமீட்டர் இருக்கோ? இல்லாட்டி முப்பத்தெட்டு நல்லதோ?" பக்கத்துத் தெருவில் ஒரு கடையை உடைத்துவிட்டார்களாம். இரண்டு கிழமையாக வீடியோ பார்த்து, எந்த ரவை எவ்வளவு ஆழம் போகும் என்றெல்லாம் பாடமாக்கி வைத்திருந்தார்.

அவர் சொன்னது எல்லாம் சரிதான். ஆனால் இந்த நாட்டில் சாதாரண ஆள் ஒருவருக்குத் தற்பாதுகாப்புக்கென்று கைத்துவக்கு விற்க முடியாது. கிளப்பில் சேரவேண்டும், மாதக்கணக்கில் பழகவேண்டும், பிரிபெக்சர் என்ற அரச அலுவலகம் அனுமதி தரவேண்டும். தந்தாலும் அது வீட்டுப் பெட்டகத்துக்குள்தான் இருக்கவேண்டும். வெளியே எடுத்தால் ரவை போடாமல், பெட்டியில் பூட்டி, கிளப்புக்குப் போய்வர மட்டும். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அப்ப கள்ளன் வந்தால், அவனை நான் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும், என்ன?"

சத்தம்

நகருக்கு வெளியே சார்செலில் இருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். பகல் வேலைக்குப் போன நேரம் பார்த்து வீடு உடைத்திருக்கிறார்கள். தாலிக்கொடி போய்விட்டது. கணவர் வந்ததும் இருக்கிறதிலேயே பெரியதைக் காட்டச் சொன்னார். தொடர்மாடியில் வீட்டுக்கு வீடு நடுவில் இருப்பது மெல்லிய சுவர், பெரிய ரவை ஒன்று அதைத் துளைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கட்டில்வரை போகும் என்றேன். "பக்கத்திலை ஆர்?" என்று அவர் மனைவியைக் கேட்டார். "மாலி நாட்டு ஆக்கள். மூண்டு பிள்ளையள். உங்களுக்குத் தெரியாதோ?" என்றார் அவர்.

கணவர் விடவில்லை. அனுமதி இல்லாமல் வாங்கக்கூடியது ஏதும் இல்லையா என்று கேட்டார். வெத்து ரவை வெடிக்கும் துவக்கு ஒன்றை எடுத்து வைத்தேன். அசல் மாதிரியே பாரமாக இருக்கும், ரவை பறக்காது. மனைவி அதைத் தொடாமலே கேட்டார், இது என்ன செய்யும் என்று. பெரிய சத்தம் போடும், கள்ளன் பயந்து ஓடுவான் என்றேன். அவர் கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குத் திரும்பினார். "சத்தத்துக்கு இவர் இருக்கிறார், தம்பி."

நாற்பத்தைந்து

சென்னையிலிருந்து படிக்க வந்த ஒரு தம்பி, கம்ப்யூட்டர் விளையாட்டிலேயே எல்லாத் துவக்கையும் கரைத்துக் குடித்தவர். "ஃபார்ட்டி ஃபைவ்தான் அண்ணா பெஸ்ட்" என்று அரை மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தார். பத்ரோன் நல்ல மனநிலையில் இருந்தார். வெறுமையான ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுக்கச் சொன்னார். வாங்கியதும் கை ஒரு சாண் கீழே இறங்கியது. மற்றக் கையையும் கொண்டுவந்து தாங்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்: "வெயிட் இருக்கும்னு கேம்ல சொல்லவே இல்லையே, அண்ணா."

கைப்பைக்குள் வைக்கிற அளவு

ஜெசிந்தா மன்னார்ப் பிள்ளை. லெ பிளாங்-மெனிலில் இருந்துகொண்டு, வயது போனவர்களைப் பராமரிக்கும் வேலைக்கு வீடு வீடாகப் போய்வருகிறவள். ஒரு மதிய நேரம் வந்து, "சின்னதாய் ஒண்டு வேணும் அண்ணை. இருபத்திரண்டு எண்டால் பெம்பிளையளுக்குச் சுகமாம்" என்றாள். ஆருக்குப் பயப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "மனுசனுக்கு. பிரிஞ்சு ஒரு வருசம்." அவன் ஸ்டேஷனில் நிற்கிறானாம். போன கிழமை லிப்டுக்குள் வந்து கழுத்தைப் பிடித்திருக்கிறான்.

எனக்கு அன்றைக்குப் பெட்டியைத் திறந்து கொடுக்கவேண்டும் போலத்தான் இருந்தது. கொடுக்க முடியாது என்பது ஒன்று. மற்றது, லிப்டுக்குள் கைக்கெட்டும் தூரத்தில் அவளைவிட இரண்டு மடங்கு ஆள். அவள் பையின் சிப்பைத் திறக்குமுன் அவனுடைய கை உள்ளே போய்விடும். அதற்குப் பிறகு எந்தக் காலிபராக இருந்தாலும் அது அவனுடையது. சொல்ல மனம் வரவில்லை, சொன்னேன். அவள் அழவில்லை. "அப்ப நான் என்ன செய்ய?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் ஏற்கெனவே ஒரு தடவை பொலிசுக்குப் போயிருக்கிறாள். பிரெஞ்சு தடக்குப்பட, இரண்டு வரி எழுதி அனுப்பிவிட்டார்கள். சாப்பிடப் போய் வரப் பிந்தும் என்று பத்ரோனிடம் சொல்லிவிட்டுப் பக்கத்துப் பொலிஸ் நிலையமான கொமிசாரியாவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு பெண் பொலிஸ் தட்டச்சுச் செய்ய, நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். கழுத்தை நெரித்ததற்குப் பிரெஞ்சுச் சொல் அந்த நேரம் வாயில் வரவில்லை. என் கழுத்தை நானே பிடித்துக் காட்டினேன். அவர் தட்டச்சை நிறுத்திவிட்டு ஜெசிந்தாவை நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு முறைப்பாடு நாலு பக்கம் வந்தது. லோயர், நீதிமன்றம் என்று கிழமைக்கணக்கில் அலைந்து, கிட்ட வரக்கூடாது என்ற உத்தரவு கிடைத்தது. பெரிய வெள்ளி கழிந்து ஒருநாள் கடைக்கு வந்தாள். ஒன்றும் வாங்க வரவில்லை, சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாளாம்: "இப்ப என்னைக் கண்டால் அவர் மற்றப் பக்கத்தாலை போறார், அண்ணை."

மேசைக்குக் கீழே

சிவநேசன் அண்ணை உண்மையாகவே கிளப்பில் சேர்ந்துவிட்டார். ஒன்பது கேட்டவருக்கு அங்கே முதலில் ஆகச் சின்ன இருபத்திரண்டைக் கொடுத்துக் கடதாசியைச் சுடவிட்டார்கள். நுளம்புக்கு அடிக்கிறது என்று என்னிடம் வந்து குறைப்பட்டார். ஆனாலும் ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை. அனுமதி வந்ததும் என்னிடமே ஒன்பது மில்லிமீட்டர் ஒன்றை வாங்கி, சட்டப்படி வீட்டுப் பெட்டகத்தில் பூட்டி வைத்தார்.

பிறகு ஒரு சனிக்கிழமை, ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் அவருடைய கடைக்குள் வந்தார்கள். ஒருவனிடம் பிஸ்டல். அண்ணை இரண்டு கையையும் கண்ணாடியில் வைக்க, நகைத் தட்டு இரண்டை அள்ளிக்கொண்டு ஒரு நிமிடத்துக்குள் போய்விட்டார்கள். ஒருவருக்கும் காயம் இல்லை.

செவ்வாய்க்கிழமை என்னிடம் வந்தார். அவர் வாய் திறக்குமுன் என் தொழில் புத்தி, அவன் வைத்திருந்தது எந்தக் காலிபர் என்று கேட்டுவிட்டது. கேட்டபிறகு வெட்கமாக இருந்தது. "ஓட்டை மட்டும்தான் தெரிஞ்சது" என்றார். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார்: "கண்ணாடியிலை வைக்க முந்தி என்ரை கை மேசைக்குக் கீழைதான் தேடினது, தம்பி. நல்லகாலம், அது வீட்டிலை கிடந்தது. அவனுக்கும் எனக்கும் நடுவிலை என்ரை மனிசி நிண்டவ."

காலிபர் கேட்டு வருகிறவரை இருத்தி இரண்டு கதை கேட்டால் பாதி வியாபாரம் அங்கேயே கெட்டுவிடும் என்பதால்தானோ என்னவோ, எங்கள் பத்ரோன் இன்றுவரை கடையில் இருக்க ஒரு கதிரை போடவில்லை.