முகவரி பொருந்தவில்லை

அன்று காலை பெரட்டுக்களத்தில், அதாவது நாங்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில், இருந்தவர்கள்: சூப்பர்வைசர், கூடலூர்ப் பக்கத்து மலையாளி கிளார்க், ஜார்க்கண்டிலிருந்து தேயிலைக் கொழுந்து பறிக்க வந்த பெண், நான், ஸ்டூலின்மேல் நின்ற ஒரு போன். போனையும் ஆளாகத்தான் சேர்க்கிறேன். அது முகத்தைப் பார்த்துச் சரி என்றால்தான் கூலி.

ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். எதன் முன்னால் நிற்கச் சொன்னாலும் எனக்கு அது பரீட்சைதான்.

அதற்கு முந்தின வாரம் முகம் பதிந்தபோது, சூப்பர்வைசர் தனக்குத் தெரிந்த இந்தியில் ஜார்க்கண்ட் பெண்ணிடம் முகத்தைக் காட்டச் சொல்லி “மூ திகாவ்” என்றார். அவர்கள் பேச்சில் ‘மூ’ வாய்க்கும் ஆகுமாம். அவள் கடைவாய்ப்பல் தெரியத் திறந்தாள். போனும் அப்படியே பதிந்துகொண்டது. இப்போது தினமும் வாயைப் பிளந்தால்தான் அவள் அவள்.

என் முறை வந்தது.

“சேச்சி, மோந்த நேரே பிடிக்கு” என்றார் கிளார்க்.

“மோந்து பாக்க நான் என்ன மல்லிகப்பூவுங்களா?”

“முகத்தையாணு பறஞ்சது சேச்சி. மோந்தன்னா கொறச்சு மரியாதை கம்மி.”

ஒரே சொல்தான் பஸ் மாறி மாறி வருகிறது போல. எங்கள் எஸ்டேட்டுக்குள்ளேயே மேனேஜருக்கு முகம், சூப்பர்வைசருக்கு ஃபேஸ், எங்களுக்கு மூஞ்சி.

போன் கணீரென்று சொன்னது: “முகவரி பொருந்தவில்லை. சரியான முகவரியைக் காட்டவும்.”

லயத்தில், எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், நான் வீடு மாறி இரண்டு வருடமாகிறது. கார்டில் பழைய எண்தான். இந்தப் போனுக்கு அதை யார் சொன்னது?

“ஏனுங்க, ரேஷன் கார்டு எடுத்தாந்தர்றனுங்க!”

மேடேறி ஓடி, ரேஷன் கார்டு, ஆதார், கேஸ் புத்தகம் மூன்றையும் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் போனுக்குக் காட்டினேன்.

சூப்பர்வைசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அட, அது மூஞ்சியத்தானுங்க அக்கா கேட்டுது! தமிழாக்குனவன் முகத்துக்கு முகவரின்னு போட்டுட்டானுங்க.”

“அப்ப மூஞ்சியவே காட்றனுங்க.”

“எட்டு மணி தாண்டிருச்சே. இனி அது யாரையும் பாக்காதுங்க.”

“நீங்க பாத்தீங்கல்ல?”

“நான் பாத்தனுங்க. அது பாக்கலீங்களே.”

அன்றும் பறித்தேன். எடைப் புத்தகத்தில் என் பெயருக்கு இருபத்தாறு கிலோ இருக்கிறது. போனில் நான் வரவில்லை. வராதவள் பறித்த கொழுந்து ஃபேக்டரிக்குப் போய்த் தூளாகி, யாரோ குடித்தும் முடித்திருப்பார்கள். மூன்று மாதமாக மனு எழுதிக்கொடுக்கிறேன், ஒவ்வொன்றிலும் முகவரியோடு. அந்த நாள் கூலி நானூற்று அறுபது ரூபாய் இன்னும் வரவேண்டும்.