ஏழு பேரை ஒருத்தனாக்கின கேபிள்

எங்க ஊர்ல மலையோட பேரைப் புள்ளைக்கு வெக்காத வீடு கம்மி. மூத்தவனோ இளையவனோ, எவனுக்காவது அந்தப் பேரு இருக்கும். தேரடித் தெருவுல நின்னு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க. அந்தப் பாழாப்போன சாஃப்ட்வேரை எழுதினவனுக்கு இதை யாராவது சொல்லியிருக்கணும்.

செங்கம் ரோட்டுல எனக்குச் சின்னதா ஒரு டிராவல்ஸ். ரெண்டாயிரத்து அஞ்சோ ஆறோ, சரியா ஞாபகம் இல்ல. போன்ல நம்பருங்க ரொம்பிப்போய், புதுசா ஒண்ணு போட்டா இடமில்லன்னு காட்டிச்சு. "கம்ப்யூட்டர்ல ஏத்திடுங்க சார், பத்திரமா இருக்கும்"னு செல்போன் கடைக்காரர் ஒரு டேட்டா கேபிளையும் ஒரு சாஃப்ட்வேர் சிடியையும் என் தலையில கட்டினாரு.

கேபிளை மாட்டினா, போனைக் காணோம்னு கம்ப்யூட்டர் சொல்லும். "இதோ கையில இருக்குதேடா, கண்ணு அவிஞ்சுபோச்சா?"ன்னு ஸ்கிரீனைப் பாத்துக் கத்துவேன். கேபிளைக் கொஞ்சம் வளைச்சுப் புடிச்சா கண்டுக்கும், கையை எடுத்தா மறுபடியும் காணோம். மத்தியானம் பூரா அதைப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். வண்டி கேட்டு வந்த வெள்ளைக்காரம்மாவுக்கும் அப்பிடியே உக்காந்த வாக்குல பதில் சொன்னேன்.

ஒரு வழியா ஓட ஆரம்பிச்சுது. நடுவுல நிறுத்தி இங்கிலீஷ்ல ஒரு கேள்வி: ஒரே பேர்ல ஏழு பேர் இருக்காங்க, ஒண்ணாச் சேத்துடலாமா? முடிஞ்சா போதும்டா சாமின்னு எஸ்ஸை அமுக்கினேன்.

முடிஞ்சே போச்சு. டயர்க்கடைக்காரர், பால்காரர், கீழ்பென்னாத்தூர் வேன் டிரைவர் எல்லாம் ஒரே ஆளாயிட்டாங்க. அந்த ஒரு ஆளுக்கு மூணு நம்பருக்குத்தான் எடமாம், மிச்சத்தைத் தூக்கிக் கடாசிடுச்சு. சரி, போன்லயாவது பழசு இருக்கும்னு பாத்தா அங்கயும் அதே மூணுதான். போன்லயும் கம்ப்யூட்டர்லயும் ஒரே மாதிரி இருக்கணும்னுதான இதை மாட்டுறது, அதுல மட்டும் ஒரு குறையும் வெக்கல சனியன்.

மத்தவங்க நம்பரைக் கேட்டு வாங்கிக்கலாம். அந்த ஏழுல என் தம்பியும் ஒருத்தன். வீட்டைப் பாகம் பிரிக்கறப்ப என்கூட சண்டை போட்டுட்டு பெங்களூர் போனவன், வருஷக்கணக்கா பேச்சு வார்த்தை இல்ல. அவன் சிநேகிதன் ஒருத்தன் துபாய்க்குப் போறதுக்கு முன்னாடி அந்த நம்பரை எங்கிட்ட குடுத்துட்டுப் போனான். வீட்டுல தம்பிக்குப் பேரு சின்னவன்தான். போன்ல அப்பிடிப் போட எனக்கு மனசு வரல. மூணாம் மனுஷன் மாதிரி முழுப் பேரையும் போட்டு வெச்சேன்.

அம்மாவுக்குக் கண்ணு ஆப்பரேஷன்னு டாக்டர் தேதி குடுத்தது அந்த வாரம்தான். சின்னவன் வந்து பக்கத்துல நின்னாதான் படுப்பேன்னு அம்மா ஒரே புடி. "லேட் பண்ணா பார்வையே போயிடும்மா"ன்னேன். "போவட்டும். நம்பர் வெச்சிருக்கேன்னு சொன்ன இல்ல, கூப்புடு அவனை"ன்னுச்சு.

மிச்சமிருந்த மூணு நம்பரையும் போட்டுப் பாத்தேன். மொதல்ல டயர்க்கடைக்காரர் எடுத்து, "இன்னா சார், மறுபடியும் பஞ்சரா?"ன்னாரு. ரெண்டாவது பால்காரர். மூணாவது நம்பருக்கு ரிங் போச்சு, எடுக்கல. மறுநாளும் போச்சு, எடுக்கல. வீம்புக்கு எடுக்காம இருக்கறது அவன்தானா, இல்ல வேற எவனாவதா? முன்ன பின்ன தெரியாதவன்கிட்ட வீட்டு விவகாரத்தை எப்பிடி எடுத்து விடறது? கடுப்புல, இங்கிலீஷ் எழுத்தைத் தட்டித் தமிழ்ல ஒரு மெசேஜ் விட்டேன், நீங்க யாருங்கன்னு.

அதுக்கு அடுத்த நாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டை அடைச்சுட்டாங்க, வண்டி எதுவும் நகரல. மத்தியானமே வீட்டுக்கு வந்துட்டேன். சட்டையைக் கழட்டி மாட்டும்போது போன் அடிச்சுது. பாத்தா மலையோட பேரு. டயரா, பாலா, எந்த இழவுன்னு தெரியாம எடுத்து, "யாருங்க?"ன்னேன்.

"மெசேஜ்லயும் அதையேதாண்ணா கேட்டிருந்த. அதுவும் என்னைப் போயி நீங்கன்னு. கூப்புடறது நீதான்னு தெரிஞ்சுதான் எடுக்காம இருந்தேன். ஆனா இதைப் படிச்சதும் தாங்கல. சின்னவன்ணா நானு."

போனைக் காதுல வெச்சுக்கிட்டே அம்மா இருந்த ரூம் பக்கம் நடந்தேன்.

"யாருடா போன்ல?"ன்னு அம்மா உள்ளேருந்து கேட்டுச்சு.

"சின்னவன்ம்மா"ன்னு சொல்லி, போனை அது கையில குடுத்தேன்.