உயிரோடிருப்போர் தாள்

தொண்ணூறுகளிலிருந்து, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த வெக்ஸ்போர்ட்டில் எங்கள் தமிழ்ப் பூசைக்கு மன்றாட்டுக் கருத்து எழுதுவது என் பொறுப்பு. யாருக்காக மன்றாட வேண்டும் என்று சனம் சனிக்கிழமை பின்னேரம் தொலைபேசியில் சொல்லும். உயிரோடிருப்போருக்கு ஒரு தாள், மரித்தோருக்கு ஒரு தாள். பழைய கலண்டர்த் தாளை அடிமட்டம் வைத்து வெட்டி, பின்புறத்தில் எழுதுவேன். ஊரில் எங்கள் பங்குச் சுவாமி அப்படித்தான் வெட்டுவார்.

சண்டை நெருங்கியபோது சுவாமி கோயிலை விட்டு வரவில்லை. உள்ளே நடக்கமாட்டாத கிழடுகளும் காயக்காரரும் இருந்தார்கள். "இவையை விட்டிட்டு வரச் சொல்லுறியளோ?" என்று என்னிடம்தான் கேட்டார். நான் புறப்பட்டேன். மறுநாள் துவக்கோடு வந்தவர்கள், ஒளித்திருக்கும் பெடியளைக் காட்டச் சொல்லி அவரைக் கொண்டுபோனார்கள். அதற்குமேல் ஒரு தகவலும் இல்லை. இங்கே தெருவில் சைக்கிள் செயின் கடகடத்தால் இன்னும் யன்னலுக்குப் போவேன். அவருடைய சைக்கிள் அப்படித்தான் சத்தம் போடும்.

சுவாமியின் அக்கா எங்கள் கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் இருந்தார். சனிக்கிழமைகளில் சரியாக ஐந்து மணிக்குத் தொலைபேசி எடுப்பார். முதல் அழைப்பு அவருடையது; உயிரோடிருப்போர் தாளின் முதல் வரி அவர் தம்பிக்குத்தான்.

"பிள்ளை, வழமையானதுதான். தம்பி சுகமாய் வரவேணும். வடிவாய் எழுது, போன கிழமை இங்கத்தைச் சுவாமியார் வாசிக்கேக்கை தடக்குப்பட்டவர்."

"அது அவற்றை கண்ணாடிக் குறை, அக்கா."

ஒரு கார்த்திகையில் ஊரிலிருந்து புதிதாய் வந்த ஒருவர் பூசை முடிந்து என்னைத் தனியே கூப்பிட்டார். கொண்டுபோன அன்றே சுவாமியைச் சுட்டுவிட்டார்கள் என்றும், தானும் இன்னொருவரும் சவக்காலை மதிலோரம் புதைத்ததாகவும் சொன்னார். கடைசிவரை சுவாமி ஒருவரையும் காட்டிக் கொடுக்கவில்லையாம். அக்காவிடம் சொல்லத் தன்னால் முடியாது என்றார். நாட்குறிப்பில் எல்லாவற்றையும் எழுதினேன். அக்காவிடம் நானும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஐந்து மணிக்கு அக்கா எடுத்தார். வழமையானதைச் சொன்னார். எழுதினேன்.

ஞாயிறு பூசையில் மரித்தோர் பெயர்களை வாசிக்கையில் எங்கள் சுவாமியின் பெயர் வந்தது. தாள் மாறி எழுதியிருக்கிறேன். எழுதிய நினைவே இல்லை.

முன்வாங்கில் இருந்த அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் குளிர்ச்சட்டைக்குப் பொத்தான் போட்டபடி கேட்டார்.

"நீ பிழை விடுற ஆளில்லை. ஆர் சொன்னது?"

கேட்டதை வரிசையாய்ச் சொன்னேன்.

"புதைக்கேக்கை செபம் சொன்னவையோ?"

"அந்த ரெண்டு பேரும் அருள் நிறைந்த மரியே சொன்னவையாம்."

"எத்தினை தரம்?"

அதை நான் கேட்டு வைத்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஐந்து மணிக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. ஐந்து இருபதுக்கு அடித்தது.

"பிள்ளை, தம்பியை மரித்தோர் தாளிலையே எழுது. மற்றத் தாளிலை அவன்ரை வரியை இந்தக் கிழமை மட்டும் வெறுமையாய் விடு."

விட்டேன். அடுத்த கிழமையும் அதில் வேறு பெயர் எழுதக் கை வரவில்லை. உயிரோடிருப்போர் தாளை இன்றைக்கும் இரண்டாம் வரியிலிருந்துதான் தொடங்குகிறேன்.