சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

ஸ்டீபன் அண்ணனை நான் முதலில் பார்த்தது அவர் வீட்டு வாசல் குழாயடியில்தான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக டிகிரி வாங்கியவன் நான், வேதியியல். குடிநீர்ப் பரிசோதனைப் பெட்டியோடு செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போவதுதான் வேலை. அன்று மண்டகப்பட்டு போகும் வழியில் ஒரு மாதா கோயில் தெரு.

“இன்னா சார், தண்ணிக்கும் ஜோசியம் பாக்க ஆளு வந்துட்டாங்களா?” என்றார். தெருவே சிரித்தது.

தண்ணீர் பளிங்குபோல் இருந்தது. வாடை இல்லை. மருந்துப் பொடியைப் போட்டுக் குலுக்கினேன். நிறம் மெல்ல ஏறி, பீட்ரூட் சாறாக நின்றது. நைட்ரேட். வயலில் கொட்டிய யூரியாவும் கக்கூஸ் குழிகளின் ஊறலும் ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் இறங்கியிருந்தன.

“பெரியவங்களுக்கு உடனே ஒண்ணும் தெரியாதுண்ணா. புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து. யார் வீட்லயாவது இருக்குதா?”

“என் வூட்லதான் இருக்குது. ஆனா என் புள்ளைக்கு இந்தத் தண்ணிய அப்படியே குடுப்பனா?”

ஸ்டீபன் அண்ணன் செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்குபவர். மூத்த பிள்ளை பேதியில் போய்விட்டது. இளையவன் பிறந்தபோது அவர் மனைவி ஜாஸ்மினுக்குப் பால் சுரக்கவில்லை, டின் பால்தான். அதைக் கரைக்கும் தண்ணீரை வேறு யாரும் தொடக்கூடாது. வேலைக்குக் கிளம்புமுன் விறகடுப்பை மூட்டி, கஷாயம்போலப் பாதியாகச் சுண்டும்வரை அவரே காய்ச்சுவார்.

தூக்குவாளியில் அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்தார். “இதப் பாத்துட்டுப் பேசு சார். ஒரு கிருமி தப்பாது.”

பார்த்தேன். குழாய்த் தண்ணீரைவிடக் கருத்துச் சிவந்தது.

“கிருமி செத்துடும்ணா. இது உப்பு, சாவாது. தண்ணி சுண்டச் சுண்ட, இருக்கிறதெல்லாம் அதுலயே சேரும்.”

குழந்தையைப் பார்க்கவேண்டும் என்றேன். ஜாஸ்மின் தூக்கி வந்தாள். இத்தனை சத்தத்திலும் அவன் விழிக்கவில்லை. நாவல்பழம் தின்றதுபோல் உதடு.

“அவங்க நைனா கலரு சார்,” என்றாள்.

பிஞ்சு விரலைப் பிரித்தேன். நகமும் நீலம்.

“எப்பலேர்ந்துக்கா இப்படித் தூங்குறான்?”

“ஒரு வாரமா. அழுவறதே இல்ல. சமத்துப் புள்ளைன்னு தெருவே சொல்லுது.”

என் பைக்கிலேயே பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். ஊசியில் ஏறிய ரத்தம் சிவப்பாக இல்லை, காப்பிக்கொட்டை நிறம். ஜாஸ்மின்தான் உள்ளே இருந்தாள். வராந்தாவில் ஸ்டீபன் அண்ணன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தான தம்பி காய்ச்சினேன்,” என்றார்.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். இப்போது நடக்கிறான். ஸ்டீபன் அண்ணன் இன்றும் கமிட்டியில் மூட்டை தூக்குகிறார். திரும்பும்போது செஞ்சியிலிருந்து கேனில் தண்ணீர் கொண்டுவருகிறார். தெருக்குழாயில் அதே தண்ணீர்தான் வருகிறது. எதிர்வீட்டு ஜெனிபருக்கு இது நிறைமாசம்.