பூட்டுப் படம்

பரிமளா இறந்துவிட்ட செய்தி எங்கள் அலுவலக வாட்ஸப் குழுவில் வந்தது. போட்டவர் முதலாளி. கருப்புக் கரை கட்டிய படம், அதன் கீழே 'தகவல் பாதுகாப்பின் காவல் தெய்வம்' என்று ஒரு பட்டம். எனக்கு அருவருப்பாக இருந்தது. வேங்கிக்கால் அலுவலகத்தில் பல வருடம் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். இரங்கல் கூட்டத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னார். "நல்லதா சொல்லும்மா. அந்த ரிப்போர்ட் விஷயம் மட்டும் வேணாம்" என்றார். அதனால் அதைத்தான் எழுதுகிறேன்.

ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு நாங்கள் மென்பொருள் செய்து கொடுத்தோம். முடிவுகளை எங்கள் சர்வரே பிடிஎஃப் ஆக்கி நோயாளியின் போனுக்கு அனுப்பிவிடும். பிடிஎஃபுக்கு இரண்டு பாஸ்வேர்டு போடலாம். ஒன்று இல்லாமல் கோப்பு திறக்கவே திறக்காது. மற்றது அச்சடிப்பதையும் நகலெடுப்பதையும் மட்டும் தடுக்கும். கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். முதலாளிக்கு இரண்டாவதே போதும். "என்கிரிப்ஷன்னு பேரு வந்துடுது இல்ல?" என்றார். "இது பூட்டு இல்ல சார், பூட்டுப் படம். கதவுல வரைஞ்சி வெச்சிருக்கீங்க" என்றாள் பரிமளா. சண்டை போட்டு முதல் பாஸ்வேர்டையும் சேர்த்தாள். பிறந்த தேதியை அடித்தால்தான் திறக்கும். அதையும் "இது ரொம்பக் கம்மி" என்று திட்டிக்கொண்டேதான் செய்தாள்.

தேடச் சுலபமாக இருக்குமென்று, கோப்பின் பெயரிலேயே நோயையும் போடச் சொல்லிக் கூடத்திலிருந்து ஒருவர் வந்தார். "கவர ஒட்டிட்டு மேலயே விஷயத்த எழுதுவீங்களா?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். அன்று அவள் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. "அவரு வீட்டுப் பொண்ணு ரிப்போர்ட்டா இருந்தா சிரிப்பாராப்பா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பிறகு அவளுக்கே உடம்பு முடியாமல் போய் நீண்ட விடுப்பில் போனாள். "திறக்கல, திறக்கலன்னு போன் ஜாஸ்தி வருது" என்று முதலாளி முதல் பாஸ்வேர்டை எடுக்கச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். வேறொருவரை வைத்து எடுத்துவிட்டார்.

மார்பில் இருந்த கட்டிக்காகப் பரிமளா சதைப் பரிசோதனைக்குக் கொடுத்ததும் அதே கூடத்தில்தான். போன் நம்பரில் ஒரு இலக்கத்தை அங்கே மாற்றி அடித்துவிட்டார்கள். ரிப்போர்ட் யாரோ ஒருவருக்குப் போனது. அவர் திறந்து படித்தார். உதவி செய்கிற நினைப்பில், 'இவங்களத் தெரிஞ்சவங்க சொல்லிடுங்க' என்று ஊர் வாட்ஸப் குழுவில் போட்டார். அன்று பௌர்ணமி. கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில், அவள் அம்மாவின் கடையில் கூட்டம். கற்பூரம் வாங்க வந்த ஒருத்தி போனை நீட்டி, "உங்க பொண்ணுக்கு கேன்சராமே?" என்று எல்லோர் நடுவிலும் கேட்டிருக்கிறாள்.

பரிமளா எனக்குப் போன் செய்தாள். அழவில்லை. "கேன்சர்னு வந்தா, அம்மா பக்கத்துல உக்காந்து, கையப் புடிச்சிக்கினு, நானே சொல்லணும்னு இருந்தேன்பா. எப்படி ஆரம்பிக்கறதுன்னுகூட யோசிச்சி வெச்சிருந்தேன்" என்றாள். அப்புறம், "சீ" என்றாள். நோய் அவளிடமிருந்து எடுத்தது எடுத்ததுதான். அந்த ஒரு பேச்சை அவளிடமிருந்து எடுத்தது நாங்கள் செய்து கொடுத்த மென்பொருள். முதலாளி அவளை அழைத்து, "ஒரு நம்பர் மாறிப்போச்சும்மா, மனசுல வெச்சிக்காத" என்றாராம். அந்த வாய்தான் இன்று அவளைத் தெய்வம் என்கிறது.

நேற்றும் கேட்டேன், முதல் பாஸ்வேர்டைத் திரும்பப் போடுங்கள் என்று. "கூட்டம் முடியட்டும், பாக்கலாம். இதெல்லாம் போகப் போகப் பழகிடும்மா" என்றார்.

பரிமளாவின் நினைவாகப் பொறுமை, புன்னகை என்று எதையும் சொல்ல மாட்டேன். இரண்டும் அவளிடம் அதிகம் இருந்ததில்லை. அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அருவருப்பைத்தான். இதெல்லாம் எனக்குப் பழகிவிடக் கூடாது.