உடம்புக்கு வெளியே விழுந்த புள்ளிகள்

என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் விளங்க வைக்க முடிந்ததில்லை. கொல்லங்கோட்டு வீட்டு மாடியில் உட்கார்ந்து படங்களுக்குச் சிவப்பு ஏற்றுகிறேன் என்றால், "அதுக்கா அம்மிணி எம்.எஸ்ஸி. வரைக்கும் படிச்சே?" என்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனாலும் அவர்கள் சொல்வதில் பெரிய தப்பு இல்லை. கருத்துக்கணிப்பில் ஒரு படத்தைக் காட்டி, எந்த இடம் என்று கேட்பார்கள். ஜனங்கள் விரலால் தொடுவார்கள். தொட்ட இடமெல்லாம் புள்ளியாக என் கம்ப்யூட்டருக்கு வரும். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் கொஞ்சம் நிறம் பரவ விடுவேன். நிறைய பேர் தொட்ட இடத்தில் நிறத்தின் மேல் நிறம் ஏறி மஞ்சளாகும், அப்புறம் சிவப்பாகும். அதற்கு ஹீட் மேப் என்று பெயர். பெரும்பாலும் சோப்பு உறையும் பிஸ்கட் பாக்கெட்டும்தான் வரும்.

அந்த முறை வந்தது ஒரு பெண்ணின் உடம்பு. மாட்டுப்பட்டிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டுகளில் கொழுந்து கிள்ளும் பெண்களுக்கு மருத்துவ முகாம் நடத்த ஓர் அறக்கட்டளை முன்வந்திருந்தது. எந்த டாக்டரை மலைக்கு ஏற்றுவது என்று முடிவு செய்ய எங்கள் கம்பெனியைக் கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள் என்பதால், டேப்லெட்டில் படத்தைக் காட்டி, "உங்களுக்கு எங்கே தொந்தரவு? தொடுங்க" என்று கேட்பதாக ஏற்பாடு. கொச்சி ஆபீசில் படத்தை அழகாகவே வரைந்திருந்தார்கள். நெற்றியில் பொட்டு, முகத்தில் சிரிப்பு, கைகளைச் சற்று விலக்கி நிற்கும் ஒரு சின்னப் பெண்.

என் அக்கா வாக்கப்பட்டது அந்த மலைக்குத்தான். அத்தான் எஸ்டேட் ஆபீசில் கிளார்க். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் எல்லோரையும் தெரியும் என்பதால் கணக்கெடுக்கப் போன பெண்களுக்கு அக்காவையே துணைக்கு அனுப்பச் சொன்னேன். அவளும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். கடைசியில் தானும் ஒரு தடவை தொட்டாள். அது எனக்கு அப்போது தெரியாது. எனக்கு அம்மா இல்லை. திட்டவும் கெஞ்சவும் இருந்த ஒரே ஆள் அவள்தான்.

புள்ளிகள் என்னிடம் வந்து சேர மாதக்கணக்கானது. ஒரு எஸ்டேட் முடியாமல் அடுத்தது, மழை, ரோடு அடைப்பு என்று ஆபீசில் எல்லாவற்றையும் மொத்தமாகச் சேர்த்து வைத்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். தோள் பழுத்துச் சிவந்திருந்தது. கூடையின் பட்டை அழுத்தும் உச்சந்தலை, இடுப்பு, முட்டி எல்லாம் எதிர்பார்த்தபடியே. உடம்புக் கோட்டுக்கு வெளியே விழும் புள்ளிகளை வெட்டி எறிய வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் விதி. அரிசி களைவதற்கு முன் கையை விட்டு அளைந்து பார்க்கிற மாதிரி, வெட்டுவதற்கு முன் முழுசாக ஒரு தரம் பார்ப்பது என் பழக்கம். அப்படிப் பார்த்தபோது கைக்கும் மார்புக்கும் நடுவே விட்டிருந்த வெள்ளை இடத்தில், வெறும் காற்றில், ஒரு சிவப்புத் திட்டு இருந்தது.

ஆபீசில் எனக்கு மேலே இருக்கும் சாருக்கு போன் போட்டேன். விரல் சறுக்கியிருக்கும், கை வலியைத் தொடப் போய்த் தள்ளி விழுந்திருக்கும், வெட்டிவிடு என்று மலையாளத்தில் சாந்தமாகச் சொன்னார். சறுக்கினால் நாலு பக்கமும்தானே சறுக்கும், ஒரே இடத்தில் வந்து எப்படிக் குவியும் என்று கேட்டேன். ரிப்போர்ட் திங்கட்கிழமை போக வேண்டும், எலும்பு டாக்டருக்குச் சொல்லியாகிவிட்டது என்றார். அதற்கு மேல் பேசினால் வாயில் ஏதாவது வந்துவிடும் என்று வைத்துவிட்டேன்.

அக்காவைக் கூப்பிட்டேன். படத்தில் ஆள் இல்லாத இடத்தை ஏன் தொட்டார்கள் என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

"கட்டியக் கை வெச்சுக் காட்டலாமா அம்மிணி? சின்னதுல என்ற மேல வந்த கொப்புளத்த நீ உன்ற மேல தொட்டுக் காட்டுனப்ப அம்மா உன்ற கையில ஒண்ணு போட்டாளே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. நம் வீடுகளில் எல்லாம் உள்ளதுதான். ரணமோ கட்டியோ இன்ன இடத்தில் என்று தன் மேலும் காட்டக் கூடாது, பிறர் மேலும் காட்டக் கூடாது. காட்டினால் அங்கேயும் வந்துவிடும்.

"அது படந்தானே அக்கா?"

"படமா இருந்தா? பொட்டு வெச்சுட்டுச் சிரிச்சுட்டு நிக்குது. லயத்துல ஒரு பொம்பள சொல்லுச்சு, 'பாவம், வாழ வேண்டிய புள்ள. அது மேல எதுக்கு என் கட்டிய வைக்கணும்?'னு. பக்கத்துல தொட்டுச்சு. முட்டிவலி இடுப்புவலிக்கு அப்பிடி இல்ல, அது எல்லாருக்கும் இருக்கறதுதானே. மார்ல கட்டி இருக்கறவங்கதான் அப்பிடித் தொட்டாங்க."

ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

"நீயும் தொட்டியா அக்கா?"

"தொட்டேன்."

"எங்க?"

அடுப்பில் பால் இருக்கிறது என்றாள். பால் இருந்தால் போனை வைத்திருக்க வேண்டும். அவள் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

மறுநாள் பொள்ளாச்சி போய், உடுமலை வழியாக மலையேறினேன். அக்கா பாதியாக இளைத்திருந்தாள். வீடியோ காலில் முகம் மட்டும்தானே தெரிகிறது. அத்தானைப் பிடித்து ஒரு பாட்டம் திட்டினேன். அந்த மனிதர் பாவம், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அவருக்கும் அவள் சொல்லியிருக்கவில்லை. கோயம்புத்தூருக்குக் கூட்டி வந்தோம். டாக்டரம்மா ஸ்கேன் படங்களை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். ஈரல், முதுகெலும்பு என்று விளக்கிக்கொண்டே போனார். எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கே எவ்வளவு அடர்த்தி என்று படிப்பதுதானே என் பிழைப்பு. அதைப் படிக்கத் தெரியாமல் போயிருக்கக் கூடாதா என்று அன்றைக்கு நினைத்தேன்.

அந்தத் திட்டை நான் வெட்டவில்லை. ஏன் வெட்டவில்லை என்று சாருக்கு நீளமாக எழுதினேன். அவரும் கல்நெஞ்சுக்காரர் இல்லை, இரண்டாம் முறை கேட்டதும் புரிந்துகொண்டார். முகாமுக்கு எலும்பு டாக்டரோடு மார்பகச் சோதனை செய்கிற ஒரு டாக்டரம்மாவும் போனார். சிலருக்கு ஆரம்பத்திலேயே தெரிந்தது, அவர்கள் இன்று கொழுந்து கிள்ளப் போகிறார்கள் என்று அத்தான் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர்கள் மேல் பொறாமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? முகாம் நடந்தபோது அக்கா உயிரோடு இல்லை.

கோயம்புத்தூரில் டாக்டரம்மா எல்லாம் சொல்லி முடித்த அன்று, அத்தான் மருந்து வாங்கப் போயிருந்தார். ஆஸ்பத்திரி கேன்டீனில் நானும் அக்காவும் மட்டும் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் குடித்தாள், நான் குடிக்கவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நோயாளி என்றுகூடப் பார்க்காமல் கேட்டுவிட்டேன்.

"வாரம் தவறாம பேசறோம். மழை பேசறோம், மாடு கன்னு போட்டதப் பேசறோம். இத என்கிட்டச் சொல்றதுக்கு உனக்கு என்ன?"

அக்கா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"சொன்னனே அம்மிணி."

"எப்பச் சொன்ன?"

"அந்தப் படத்துல தொட்டனே. தொடறதெல்லாம் உன்ற கைக்குத்தான் வரும்னு நீதானே சொல்லியிருந்தே. வாயில சொல்றதுக்கு எனக்குக் கூச்சமா இருந்துது. பாத்துப்போட்டு நீயே கூப்புடுவீன்னு இருந்தேன்."

புள்ளியில் பெயர் இருக்காது என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் தொட்டதும் லயத்துப் பெண்கள் தொட்டதும் ஒரே சிவப்புதான் என்றும் சொல்லவில்லை.

"போன வாரந்தான் அக்கா வந்துது. அதுக்கு முந்தி எங்கிட்ட வரவேயில்ல."

"அப்பிடியா?" என்றாள். அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். டீ டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்.

"அப்பச் சரி. நீ பாத்துப்போட்டும் ஒண்ணும் கேக்காம இருக்கறயேன்னுதான் எனக்கு இத்தன மாசமா வெசனமா இருந்துது."