கை நின்றும் ஓயாத பேஸ்

சாலைக் கடைத்தெருவில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் பூதலிங்கத்தின் மகள் கிருஷ்ணவேணி பேஸ் கிட்டார் வாசிப்பாள். பாடகன் ஸ்ரீஜித், டிரம்ஸ் ஆதர்ஷ் இருவரும் மலையாளிகள், அவளுடைய கல்லூரி நண்பர்கள். மூவரும் ஃபங்க் குழு ஒன்று தொடங்கினார்கள். அப்பா மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கியின் மாடியில் பயிற்சி செய்ததால் குழுவுக்கும் ‘கிட்டங்கி’ என்றே பெயர்.

கீழே மூட்டை சுமப்பவர்கள் “ஒதுங்கு, ஒதுங்கு” என்று கத்திக்கொண்டே ஓடுவார்கள். அந்த ஓட்டத்தைக் கிருஷ்ணவேணி பேஸில் பிடித்தாள். வரிகளையும் அவளே எழுதினாள். 2022 ஓணத்துக்குத் தம்பானூர் ஆட்டோக்களில் எல்லாம் அந்த ‘ஒதுங்கு’ பாட்டுதான் ஓடியது.

அதன்பிறகு எந்த மேடையிலும் வேறு பாட்டை யாரும் கேட்கவில்லை. புதுப்பாட்டு தொடங்கினால் கூச்சல் போட்டார்கள். ஸ்ரீஜித் ‘ஒதுங்கு’வையே இரண்டு முறை பாடத் தயாராகிவிட்டான். ஒருநாள் டிவி பேட்டியில், வித்துரா மலையில் மழையைப் பார்த்து நின்றபோது அந்தப் பாட்டு தனக்குள் பிறந்ததாகச் சொன்னான்.

கடையிலிருந்து அதைப் பார்த்த பூதலிங்கம் மகளிடம் கேட்டார். “என்னட்டி இப்பிடிச் சொல்லுகான்? நீ நம்ம கிட்டங்கியில வச்சில்லா போட்ட?”

அவள் போய்க் கேட்டபோது ஸ்ரீஜித் அலட்டிக்கொள்ளவில்லை. “சேனல்காரங்களுக்கு ஒரு கத வேணும், வேணி. அத்ரயே உள்ளூ, அவ்வளவுதான்.”

ஒரு வருடம் இப்படியே போனது. கேட்கும்போதெல்லாம் திருத்திச் சொல்வதாகச் சொன்னான், சொல்லவில்லை. கடைசியில் ஒரு கல்லூரி விழா. பாட்டின் நடுவில் கிருஷ்ணவேணியின் விரல் கம்பியிலிருந்து நழுவியது. பேஸ் சத்தம் மட்டும் நிற்கவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பழைய ஒலிப்பதிவைப் போட்டு அவளைப் பொம்மையாக நிறுத்தியிருந்தார்கள்.

அவள் கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தாள். ஸ்ரீஜித்தின் பக்கத்தில் வந்து கைகட்டி நின்றாள். பேஸ் தன்பாட்டுக்கு முழங்கியது. கூட்டம் சிரிக்கத் தொடங்கியது.

“போய் வாசிக்கு, வேணி. எல்லாரும் பாக்குது,” என்று அவன் பல்லைக் கடித்தான்.

“யாரு வாசிக்கான்னு நல்லா பாக்கட்டும்.”

அந்த வீடியோ ஊரெல்லாம் பரவியது. நிகழ்ச்சிகள் ரத்தாயின. ஆதர்ஷ் பெங்களூருக்கு வேலைக்குப் போனான். பொறாமையில் குழுவைக் கெடுத்தவள் என்ற பெயர் கிருஷ்ணவேணிக்கு வந்தது. உள்ளுக்குள் பேசித் தீர்த்திருக்கலாமே என்று எத்தனையோ பேர் புத்தி சொன்னார்கள். ஒரு வருடம் அவள் வேறென்ன செய்தாளாம்? பொய் சொன்னவனிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

இப்போது தம்பானூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். போன மாதம் ஸ்ரீஜித் அங்கே வந்து, திரும்பச் சேரலாம் என்றான். பாட்டு யாருடையது என்று முதலில் அதே டிவியில் சொல்லச் சொன்னாள்.

அவன் சிரித்தான். “அது பழைய காரியமல்லே?”

“ஒனக்குப் பழசு. எனக்கு இன்னும் எரியுது. எறங்கிப் போ.”

அன்று மாலை வீட்டில் ஆம்ப்ளிஃபையரின் சத்தத்தைக் கூட்டிவைத்து, தெருவே கேட்கும்படி, புதிதாக ஒன்றை வாசித்தாள்.